சூப்பர் பவுல்: பார்க்கப்படாத ஆட்டம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த 59ஆவது சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 12.77 கோடிப் பேர் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்குச் சொன்னது. அதே இரவில் ஆட்டத்தின் நடுவே கென்ட்ரிக் லமார் நிகழ்த்திய இடைவேளை நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் 13.35 கோடிப் பேர். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி 40–22 என்ற கணக்கில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை வென்றது என்பது, அந்த நகரங்களுக்கு வெளியே பலரும் அதற்குள் மறந்துவிட்டிருக்கக்கூடிய செய்தி. ஆட்டம் நடக்கும் நேரத்தைவிட ஆட்டம் நின்றிருக்கும் நேரத்துக்குப் பார்வையாளர்கள் அதிகம் என்கிற இந்த விந்தையிலிருந்தே சூப்பர் பவுலைப் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

நமது சிற்றிதழ்ச் சூழலில் இத்தகைய பெருவிளையாட்டுகளைப் பற்றி இரண்டு விதமான குரல்களையே அதிகம் கேட்கிறோம். ஒன்று, 'முதலாளித்துவம் மக்களுக்கு ஊட்டும் போதை' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும் குரல். மற்றது, வெகுசனக் கலாச்சாரத்தின் கொண்டாட்டம் என்று கூறி, அதன் விளம்பரங்களையும் பாடல்களையும் உடைகளையும் கட்டுடைத்து மகிழும் குரல். முதல் தரப்பு முகம் சுளிக்கிறது, இரண்டாம் தரப்பு புன்னகைக்கிறது. ஆனால் மைதானத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு இரு தரப்பினருக்குமே நேரமில்லை. சூப்பர் பவுலின் பிரம்மாண்டத்தை வெறும் ஆடம்பரம் என்று எண்ணினால் பாதியைத்தான் கண்டவர்களாவோம். ஆட்டத்தில் மனித உடலுக்கு நேர்வதைப் பார்வையிலிருந்து விலக்கி வைக்கும் வேலையையும் அந்தப் பிரம்மாண்டம் செய்து வந்திருக்கிறது. எவரோ திட்டமிட்டுச் செய்த சதி என்று இதைச் சொல்லவில்லை. வெளிச்சம் ஓரிடத்தில் மிகும்போது மற்றோரிடம் இருண்டுபோவது இயல்பு. இருண்டுபோன இடத்தில் யார் இருந்தார்கள் என்பதே நம் கேள்வி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கால்பந்து என்று பெயர் இருந்தாலும், நாம் அறிந்த கால்பந்துக்கும் இதற்கும் உறவு குறைவு. நீள்வட்டப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுகிறார்கள், அல்லது எறிகிறார்கள். நூறு கெஜ மைதானம், அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளே நீடிக்கிறது. அந்தச் சில நொடிகளில் நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ எடையுள்ள மனிதர்கள் எதிரெதிரே பாய்ந்து மோதிக்கொள்கிறார்கள். பிறகு நீண்ட இடைவெளி, வட்டமாகக் கூடி ஆலோசனை, மறு ஒளிபரப்பு, விளம்பரம். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2010இல் ஒளிபரப்புகளை அளந்து பார்த்து, மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒரு சராசரி ஆட்டத்தில் பந்து உயிரோடு இருப்பது ஏறத்தாழ 11 நிமிடங்கள் மட்டுமே என்று எழுதியது. எஞ்சிய நேரம் முழுவதும் நிரப்பப்பட வேண்டிய வெற்றிடம். சூப்பர் பவுல் என்ற திருவிழா அந்த வெற்றிடத்தில்தான் குடியேறியது.

குடியேற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. முதல் ஆட்டம் 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. போட்டி லீக்குகளாக இருந்த இரண்டு அமைப்புகள் இணைவதென்று அதற்கு முந்தைய ஆண்டுதான் உடன்பட்டிருந்தன. கிரீன் பே பேக்கர்ஸ் அணி 35–10 என்று கன்சாஸ் சிட்டியை வென்ற அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 61,946 பேர். அரங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இடைவேளையில் பல்கலைக்கழக வாத்தியக் குழுக்கள் வாசித்தன. 'சூப்பர் பவுல்' என்ற பெயரே, கன்சாஸ் சிட்டி அணியின் உரிமையாளரான லமார் ஹன்ட், தம் பிள்ளைகள் விளையாடிய 'சூப்பர் பால்' என்ற துள்ளும் ரப்பர் பந்தின் நினைவில் சொன்னது. இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆட்டத்தை ஒளிபரப்பின. இரண்டுமே பின்னர் அந்த நாடாக்களைப் பாதுகாக்காமல் அழித்துவிட்டன. பாதுகாக்கத் தக்க ஒன்று என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அதே 1967ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாரிஸில் கீ தெபோர் 'காட்சியின் சமூகம்' என்ற தம் நூலை வெளியிட்டார். வாழப்பட்டதெல்லாம் பிம்பமாக விலகிப் போய்விடுகிறது என்று வாதிட்ட அந்த நூலுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்டத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் பிந்தைய அரை நூற்றாண்டில் அந்த நூலுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். 1967இல் முப்பது நொடி விளம்பரத்துக்கு ஏறத்தாழ நாற்பதாயிரம் டாலர் கேட்டார்கள்; 2025இல் அது 80 லட்சம் டாலர் வரை போயிற்று. 1984இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ஆப்பிள் கணினி விளம்பரத்துக்குப் பிறகு, விளம்பரம் பார்ப்பதற்காகவே ஆட்டத்தின் முன் அமரும் பழக்கம் வலுப்பட்டது. 1992இல் இடைவேளையின்போது போட்டித் தொலைக்காட்சி ஒன்று நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திப் பெருந்திரளான பார்வையாளர்களை இழுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக லீக் 1993இல் மைக்கேல் ஜாக்சனை அழைத்து வந்தது. வழக்கமான ஆட்டங்களில் கால் மணி நேரம்கூட நீடிக்காத இடைவேளை இந்த ஒரு நாளில் மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரமாக நீண்டது. வீரர்கள் உடல் குளிர்ந்து காத்திருப்பார்கள். மேடை உருண்டு வரும். ஆட்டம் மேடைக்காகப் பொறுத்துக்கொள்ளும்.

இந்த வெற்றிடத்தில் வணிகத்தோடு அரசும் வந்து அமர்ந்தது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கிய பத்து நாட்களுக்குள் டாம்பா நகரில் 25ஆவது சூப்பர் பவுல் நடந்தது. விட்னி ஹூஸ்டன் பாடிய தேசிய கீதத்தில் அரங்கமே கொடியசைத்து நின்றது. இடைவேளை நிகழ்ச்சிக்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் போர்ச் செய்தி ஒளிபரப்பாயிற்று. போரும் ஆட்டமும் ஒரே திரையில் ஒரே மாலையில் கலந்துபோன அந்தத் தருணத்தின் உணர்ச்சியை நாம் எள்ளவில்லை. போர்க்களத்தில் பிள்ளைகளை விட்டிருந்த குடும்பங்களுக்கு அது உண்மையானதாகவே இருந்திருக்கும். ஆனால் அத்தகைய உணர்ச்சிக்கு விலைப்பட்டியல் உண்டு என்பது 2015இல் வெளிப்பட்டது. செனட்டர்கள் ஜான் மெக்கெயினும் ஜெஃப் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கை, மைதானங்களில் வீரர்களைக் கௌரவிக்கும் சடங்குகள் பலவற்றுக்காகப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்ததைப் பட்டியலிட்டது. தன்னெழுச்சி என்று மக்கள் நம்பிய பல காட்சிகள் ஒப்பந்தத்தின்படி நடந்தவை. 2013 சூப்பர் பவுலில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் தாக்குதலை வழிநடத்திய காலின் கேப்பர்னிக், கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து 2016இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. விலைக்கு வாங்கிய மரியாதைக்கு அரங்கில் இடமிருந்தது, சொந்தச் செலவில் வந்த எதிர்ப்புக்கு இடமில்லாமல் போயிற்று.

நமது வாதத்தின் மையத்துக்கு இப்போது வருவோம். 2004 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் நடந்த சூப்பர் பவுலின் இடைவேளையில், ஜஸ்டின் டிம்பர்லேக் இழுத்ததில் ஜேனட் ஜாக்சனின் உடை விலகி, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அவர் மார்பு திரையில் தெரிந்தது. தகவல் தொடர்பு ஆணையத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. நாடாளுமன்றக் குழுக்கள் கூடி விசாரித்தன. ஒளிபரப்பிய நிறுவனத்துக்கு 5.5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பல ஆண்டுகள் வழக்கு நடந்து, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாம் முறையாக அதை ரத்து செய்தது. ஜாக்சனின் இசை வாழ்வு அதற்குப் பெருவிலை கொடுத்தது. டிம்பர்லேக் 2018இல் அதே இடைவேளை மேடைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். ஒரு பெண்ணுடலின் ஒரு கணத்து வெளிப்பாடு தேசத்தின் ஒழுக்கப் பிரச்சினையாயிற்று. அதே ஆண்டுகளில், அதே ஆட்டத்தில், வேறு உடல்களுக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது?

மைக் வெப்ஸ்டர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கி வைப்பவர் சென்டர்தான். குனிந்து, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் இருப்பவரிடம் கொடுத்த அதே கணத்தில், எதிரே பாயும் மனிதரைத் தலையாலும் தோளாலும் தாங்க வேண்டும். கேமரா அப்போது பந்தோடு போய்விடும். வெப்ஸ்டர் நான்கு சூப்பர் பவுல்களை வென்ற அணிகளில் ஆடினார். 1997இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். ஓய்வுக்குப் பிறகு நினைவு தவறியது, குடும்பம் சிதைந்தது, பல இரவுகள் தம் வண்டியிலேயே உறங்கினார். 2002 செப்டம்பரில் தமது ஐம்பதாம் வயதில் இறந்தார். லீக்கின் ஓய்வூதிய வாரியமே 1999இல், ஆட்டத்தால் விளைந்த மூளைப் பாதிப்பு என்று ஏற்று அவருக்கு உதவித்தொகை அனுமதித்திருந்தது. ஆனால் அதே லீக் 1994இல் அமைத்த மருத்துவக் குழு, தலையடிகளால் நீண்டகாலத் தீங்கு இல்லை என்று கட்டுரைகள் வெளியிட்டுக்கொண்டிருந்தது. இடக்கை ஒப்புக்கொண்டதை வலக்கை மறுத்துக்கொண்டிருந்தது.

வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்தவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து வந்து பிட்ஸ்பர்க்கில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர். இந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஏறத்தாழ ஒன்றும் தெரியாது.  மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் குத்துச்சண்டை வீரர்களின் மூளை சிதைவது 1928 முதலே மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அதை ஒத்த சிதைவை, இன்று சி.டி.இ. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் நோயை, ஒமாலு வெப்ஸ்டரின் மூளைத் திசுக்களில் கண்டு 2005இல் வெளியிட்டார். லீக்கின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினார்கள். கோடிக்கணக்கானோர் பல பத்தாண்டுகள் பார்த்தும் காணாததை, அந்த ஆட்டத்தில் ஈடுபாடு இல்லாதவர் கண்டார் என்பதைத் தற்செயல் என்று நம்மால் ஒதுக்க முடியவில்லை. காட்சிக்குப் பழகாத கண் அது.

பின்னர் நடந்தவை நிறைய. 1986இலும் 1991இலும் சூப்பர் பவுல் வென்ற அணிகளில் ஆடிய டேவ் டூயர்சன், 2011 பிப்ரவரியில் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கும்படி கேட்டு எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வாளர்கள் அதில் சி.டி.இ. இருப்பதை உறுதி செய்தார்கள். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, ஆய்வுக்கு வந்த லீக் வீரர்களின் 111 மூளைகளில் 110இல் அந்த நோயைக் கண்டதாக வெளியிட்டது. அறிகுறிகளைக் கண்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள் அவை என்பதால் எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதத்தைப் பொருத்த முடியாது; ஆய்வாளர்களே அதைச் சொன்னார்கள். இருந்தும் எண்ணின் கனம் குறையவில்லை. லீக்கின் உயரதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன் இந்தத் தொடர்பை ஒப்புக்கொண்டது 2016இல். முன்னாள் வீரர்களுடனான சமரசத்தின்படி நூறு கோடி டாலருக்கும் மேல் வழங்கப்பட்டிருக்கிறது. அந்தச் சமரசத்திலும், கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று அனுமானிக்கும் ஓர் அளவுகோல் பயன்பட்டு வந்தது. அதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது 2021இல்.

1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் ரோலான் பார்த் மல்யுத்தக் காட்சியைப் பற்றி எழுதிய கட்டுரையை நம் வாசகர்கள் பலர் அறிந்திருப்பார்கள். மேடை மல்யுத்தம் விளையாட்டல்ல, காட்சி. அங்கே வலி எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டப்படுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். சூப்பர் பவுல் அதன் தலைகீழ் வடிவம் என்று சொல்லத் தோன்றுகிறது. மல்யுத்த மேடையில் நடிக்கப்படும் வலி பார்வைக்கு வைக்கப்படுகிறது. இங்கே நிகழும் வலி நடிப்பல்ல. ஆனால் தலைக்கவசமும் விளம்பரமும் பாட்டும் வாணவேடிக்கையும் அதை நம் கண்ணிலிருந்து எடுத்துச் சென்றுவிடுகின்றன. வீழ்ந்து கிடப்பவரின் உடல் திரையில் ஒரு கணம் தெரியும், உடனே விளம்பரம். எழுந்து நடந்தால் கைதட்டல், பிறகு மறதி.

அமெரிக்க இலக்கியத்தில் இந்த ஆட்டத்தின் பார்வையாளனைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கூர்மையான நூல் 1968இல் வந்த ஃபிரெடெரிக் எக்ஸ்லியின் 'ஒரு ரசிகனின் குறிப்புகள்' என்பது நம் எண்ணம். குடியிலும் மனச்சிதைவிலும் உழலும் கதைசொல்லிக்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் ஃபிராங்க் கிஃபோர்டே ஆதர்சம். 1960இல் சக் பெட்னாரிக் மோதி கிஃபோர்ட் நினைவிழந்து வீழ்ந்த புகழ்பெற்ற நிகழ்வும் நாவலில் இடம்பெறுகிறது. பார்வையாளனாக இருப்பதே தன் விதி என்ற கசப்பை அந்தக் கதைசொல்லி உணர்கிறான். மெய்யான கிஃபோர்ட் அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. பிறகு திரும்பி வந்தார், ஓய்வுபெற்றுத் தொலைக்காட்சிக்குப் போனார், 1967இன் முதல் சூப்பர் பவுலை வர்ணனை செய்தவர்களில் ஒருவரானார். 2015இல் அவர் மறைந்தபின் மூளையை ஆராய்ந்து பார்த்ததில் அவருக்கும் சி.டி.இ. இருந்ததாகக் குடும்பத்தினர் அறிவித்தார்கள். அந்த முதல் ஆட்டத்தைக் கோடிக்கணக்கானோருக்கு எடுத்துச் சொன்ன குரல்களில் ஒன்றின் பின்னால் அப்படிப்பட்ட மூளை இருந்தது. நாவலாசிரியன்கூடக் கற்பனை செய்யாத முடிவு இது.

நமது கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். வீரர்கள் வயதுவந்தவர்கள், பெரும் ஊதியம் பெறுகிறவர்கள், ஆபத்தை அறிந்தே ஆடுகிறவர்கள் என்பது ஒரு வாதம். இன்றைய வீரர்களைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. விதிகள் மாறியிருக்கின்றன, தலையில் அடிபட்டவரைப் பரிசோதிக்காமல் மீண்டும் களத்தில் இறக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்திருக்கிறது. ஆனால் சம்மதம் என்பது அறிவைச் சார்ந்தது. வெப்ஸ்டரின் தலைமுறைக்கு அந்த அறிவு கொடுக்கப்படவில்லை. தீங்கு இல்லை என்றே சொல்லப்பட்டது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. இந்த ஆட்டம் அழகானது என்பதே அது. 2008இல் டேவிட் டைரி, எதிரணி வீரர் தொங்கிக்கொண்டிருக்க, பந்தைத் தன் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்த காட்சியைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். 2015இல், பெரிதும் அறியப்படாத முதலாண்டு வீரரான மால்கம் பட்லர் எல்லைக் கோட்டருகே பந்தைப் பறித்து ஆட்டத்தின் முடிவையே மாற்றிய கணமும் அத்தகையது. சதுரங்கத்தின் திட்டமும் வேட்டையின் வேகமும் இந்தச் சில நொடிகளில் ஒன்று கலக்கின்றன. இந்த அழகை மறுப்பது பொய். ஆட்டத்தைத் தடைசெய் என்று கோருவது நம் நோக்கமும் அல்ல. அழகுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த விலையைத் தெரிந்துகொண்டு ரசிப்பதே ரசனையின் நாணயம் என்பதுதான் நாம் வலியுறுத்துவது.

மேலும் ஒரு சிறு செய்தி. இறுதியாட்டம் முடிந்த மறுநொடியே வென்ற அணியினர் 'சாம்பியன்' என்று அச்சிட்ட சட்டைகளையும் தொப்பிகளையும் அணிந்துகொள்வதற்காக, இரு அணிகளுக்குமே அவை முன்கூட்டித் தயாரிக்கப்படுகின்றன. தோற்ற அணிக்கு அச்சிட்டவை கடைக்கு வருவதில்லை. தொண்டு அமைப்புகள் வழியாக அவை தொலைதூர ஏழை நாடுகளுக்குப் போகின்றன. நடக்காத வெற்றியை நெஞ்சில் அணிந்தபடி எங்கோ ஒருவர் வயலுக்கு நடந்துபோகிறார். அவருக்கு அது வெறும் துணி, நல்ல துணி. இந்த மாபெரும் காட்சியின் பொருள் முழுவதும் அதன் எல்லைக்கு வெளியே கழன்று விழுந்துவிடுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் நாட்டில் இந்த ஆட்டம் திங்கட்கிழமை அதிகாலையில் தெரிகிறது. விழித்திருந்து பார்ப்பவர்கள் சிலரே. மறுநாள் இடைவேளைப் பாடலையும் விளம்பரங்களையும் இணையத்தில் பார்ப்பவர்களே அதிகம். அப்படிப் பார்ப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் முழு ஆட்டத்தையும் பார்க்க வாய்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சில முயற்சிகளின்போதாவது பந்தைப் பின்தொடராதீர்கள். கேமரா விட்டுவிட்டுப் போகும் இடத்திலேயே கண்ணை நிறுத்துங்கள். குனிந்து பந்தைக் கொடுத்துவிட்டு எதிரே வருபவரைத் தாங்கும் அந்த மனிதரைப் பாருங்கள். அவர் எழுந்து, மறுபடியும் தம் இடத்துக்குப் போய்க் குனிவார். ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை அப்படிக் குனிய வேண்டியிருக்கும். அவர் பெயர் என்ன என்று தேடித் தெரிந்துகொள்ளுங்கள்.